குடைக்காரியை அடையாளம் கண்ட வரலாறு

மனிதகுலத்தின் கதையைக் கற்காலம், வெண்கலக் காலம், இரும்புக் காலம் என்று பகுத்த அறிஞர்கள், நடுவில் வெள்ளிக் காலம் என்று ஒன்றை ஏன் விட்டுவிட்டார்கள் என்பது பலருக்கு விளங்காத புதிர். எனக்கு விளங்கும். அவர்கள் என் அத்தானுக்காக இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். உலகம் அவரை அப்படி அறியாது. 'வெள்ளி வில்லை அன்பர் பேரவை'யின் நிறுவனர், தலைவர், ஆயுள் தலைவர் என்றே அறியும். தலைவர் வேறு, ஆயுள் தலைவர் வேறு. ஒருவேளை தலைவர் பதவி போனாலும் ஆயுள் தலைவர் இருப்பார். ஒருவேளை ஆயுள் போனாலும் தலைவர் இருப்பார் என்று நினைக்கிறேன். பேரவையின் செயலாளர் அடியேன். தலைவரின் மைத்துனன் என்பதால் கிடைத்த பதவி அல்ல. வேறு யாரும் கேட்கவில்லை என்பதால் கிடைத்தது.

வெள்ளி வில்லையைப் பற்றி அறியாத பாமரர்களுக்காக ஒரு வார்த்தை. தீப்பெட்டி அளவில், தகடு போல மெல்லியதாக, ஒரு பக்கம் சித்திரமும் மறுபக்கம் எடையும் அச்சடித்த சுத்த வெள்ளித் துண்டு அது. கப்பல், குதிரை, யாரோ ஒரு மேலாளரின் பணி ஓய்வு, ஏதோ ஒரு சோப்புக் கம்பெனியின் வெள்ளிவிழா என்று எதற்கு வேண்டுமானாலும் வில்லை அடித்திருக்கிறார்கள். அதை உண்ண முடியாது, உடுத்த முடியாது, சுவரில் மாட்டக் கூடாது, வெறும் கையால் தொடவே கூடாது. இத்தனை தகுதிகளும் ஒருங்கே அமைந்த பொருள் உலகத்தில் வேறு இல்லை.

அத்தான் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவின் அதிகாரி. வீடு எரிந்தவர்களும் கை உடைந்தவர்களும் அவர் மேஜைக்கு வருவார்கள். கட்டுப் போட்ட கையோடு ஒருவர் எதிரே நின்றாலும், "கை உங்களுதுதான்னு எப்படி நம்பறது?" என்று அமைதியாகக் கேட்பார். கம்பெனி அவரைப் பெரிதும் மதித்தது. அந்தக் கூர்மையை அவர் வீட்டுக்குக் கொண்டு வந்து வில்லைகளின் மீது செலுத்தினார். ஒரு வில்லையைப் பார்த்த மாத்திரத்தில் எந்தப் பட்டறையில் அடித்தது, அச்சு புதிதாக இருந்தபோதா தேய்ந்த பிறகா, குதிரையின் பின்னங்காலில் முடி போன்ற விரிசல் இருக்கிறதா இல்லையா, எல்லாம் சொல்லிவிடுவார். ஒருமுறை தெருவில் எதிரே வந்த சொந்த மகளை "யாருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார் என்பது உண்மைதான். ஆனால் அன்று அவள் முடி வெட்டியிருந்தாள்.

இனி, பாதுகாப்பு. சேகரிப்பது எளிது, அடையாளம் காண்பது கடினம், பாதுகாப்பதோ தவம் என்பார் அத்தான். அந்தத் தவத்தை அவர் வீட்டார் அனைவரும் சேர்ந்து செய்தார்கள்.

வெள்ளிக்கு வெயில் ஆகாது, ஈரம் ஆகாது. எனவே வீட்டிலிருந்த ஒரே குளிர்சாதன இயந்திரம் வில்லைகளின் அறைக்குப் போயிற்று. அந்த அறை முன்பு மகளுடையது. அவள் கூடத்துச் சோபாவுக்குக் குடிபெயர்ந்தாள். வெள்ளிக்கு ரப்பர் ஆகாது. எனவே செருப்புகள் வாசல் கேட்டுக்கு வெளியே நின்றன, அவ்வப்போது காணாமலும் போயின. கம்பளி ஆகாது, செய்தித்தாள் ஆகாது, வெங்காயம் ஆகாது. எல்லாவற்றிலும் கந்தகம் இருக்கிறது, கந்தகம் பட்டால் வெள்ளியின் முகம் கறுத்துவிடும். முட்டை பரம விரோதி. அக்கா முட்டை அவிக்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அடுப்பில்தான் அவிப்பாள், அங்கேயே நின்று தின்றுவிட்டு, வாய் கொப்பளித்துவிட்டு உள்ளே வருவாள். இந்த ஏற்பாடுகளால் வில்லைகளின் முகம் ஒருநாளும் கறுத்ததில்லை. வீட்டில் மற்றவர்களின் முகம் கறுத்ததைக் கணக்கில் எடுக்கும் வழக்கம் பேரவையில் இல்லை.

ஒரு கோடை மதியம் அக்கா சமையலறையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்து, "அந்த ரூம்ல ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அத்தான் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிறவர் அல்ல. பொறுமையாக விளக்கினார். "இங்க பாரு, உனக்கு வேர்த்தா துடைச்சுக்கலாம். அதுக்கு வேர்த்தா துடைக்க முடியுமா? துணி பட்டா கீறல் விழுந்துடும்."

அக்கா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கீறல் ஏதும் விழுந்ததாகத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் பேரவை கூடும். வெள்ளியை வேறெந்தக் கிழமையில் ஆராய்வது? அத்தானையும் என்னையும் தவிர நிரந்தர உறுப்பினர்கள் இருவர். ஒருவர் பல் டாக்டர். வில்லையின் ஓரங்களை வாய்க்குள் விடும் குட்டிக் கண்ணாடியால் பார்ப்பார், ஒவ்வொரு சித்திரத்தையும் சொத்தை இருக்கிறதா என்ற கண்ணோடு அணுகுவார். இன்னொருவர் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்ப மாட்டார். கொடுக்கும் காப்பியைக்கூட டம்ளரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் மில்லிமீட்டர்.

இந்தச் சான்றோர் சபைக்கு ஒரு நாள் குடைக்காரி வந்து சேர்ந்தாள்.

வேறு ஊரில் இறந்துபோன ஒரு சேகரிப்பாளரின் பெட்டியிலிருந்து, தன்னிடமிருந்த குதிரைகள் அத்தனையையும் கொடுத்து, அத்தான் மாற்றிக்கொண்டு வந்த வில்லை அது. பஞ்சுக் கையுறை போட்டுக்கொண்டு மேஜையில் வைத்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். நெகிழ்ச்சியால் அல்ல. மூச்சுக் காற்றில் ஈரம் இருக்கிறது.

வில்லையில் ஒரு இளம்பெண். பலத்த காற்று. அவள் கையிலிருந்த குடை தலைகீழாக மடங்கி மேல்நோக்கி விரிந்திருக்கிறது. மழை சாய்வாக விழுகிறது. அவள் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, வாய்விட்டுச் சிரிக்கிறாள். பின்பக்கம் எடையும், ஒரு மூலையில் பட்டறையின் முத்திரையாகச் பட்டை தீட்டிய சின்னக் கல்லின் உருவம் ஒன்றும். ஆண்டு இல்லை, பெயர் இல்லை, எதற்காக அடித்தார்கள் என்ற விவரம் இல்லை. எந்த விலைப்பட்டியலிலும் இப்படி ஒரு வில்லை இல்லவே இல்லை.

"யார் இவ?" என்றார் மில்லிமீட்டர்.

"அதைக் கண்டுபிடிக்கிறதுதான் நம்ம ஜென்மத்தோட வேலை" என்றார் அத்தான்.

வெள்ளிக்கிழமைகள் உருண்டன. மில்லிமீட்டர் அவளுடைய மூக்கை அளந்து, தாடையை அளந்து, மழைத் துளிகளின் சாய்வை அளந்து, காற்று தென்மேற்கிலிருந்து வீசியது என்று நிறுவினார். பல் டாக்டர் அவள் வாய்க்குள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, முன்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருப்பதாக அறிவித்தார். "வெட்டினவன் பெரிய ஆளுங்க. பல்லைக்கூட விடல" என்று உருகினார்.

அத்தான் இவற்றையெல்லாம் தொகுத்துப் பேரவையின் இதழான 'வில்லை முரசி'ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம்: குடைக்காரி ஒரு பெண்ணே அல்ல. அவள் ஒரு கருத்து. குடை என்பது அரசு. காற்று என்பது விலைவாசி. மழை என்பது மழை. ரத்தமும் சதையுமான ஒரு பெண் நனைந்துகொண்டு இப்படிச் சிரிப்பது இயற்கைக்கு முரண் என்பதால், இவள் ஒரு கலைஞனின் கற்பனையே. கட்டுரை முழுவதும் அடிக்குறிப்புகள். சில பக்கங்களில் அடி மட்டும்தான் இருந்தது.

அனைத்து வில்லைச் சங்கங்களின் கூட்டமைப்பு அந்தக் கட்டுரையை வரவேற்று, அத்தானுக்கு 'வில்லை வித்தகர்' விருது கொடுக்கப்போவதாகக் கடிதம் போட்டது. அவர் வாழ்நாளில் அப்படி ஒரு மகிழ்ச்சியை நான் பார்த்ததில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்காவைப் பார்த்து, "நீயும் விழாவுக்கு வரலாம்" என்றார்.

வில்லைக்குப் பின்னால் வில்லங்கம் வரும் என்பதை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை. விருது விழாவில் வில்லையைப் பெரிய திரையில் காட்டப்போகிறார்கள். அதற்கு வண்ணம் தீட்டிய படம் ஒன்று தயாரிக்க வேண்டும் என்பது அன்றைய பொருள். குடைக்கு என்ன நிறம் கொடுப்பது என்று விவாதம் நடந்தது.

"கறுப்பு" என்றார் அத்தான். "அரசுன்னா கறுப்புதான் பொருந்தும்."

அக்கா காப்பித் தட்டோடு வந்தாள். மேஜையில் படத்தைப் பார்த்தாள். டம்ளர்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே, "கறுப்பு இல்ல, நீலம்" என்றாள்.

யாரும் நிமிரவில்லை. மில்லிமீட்டர் மட்டும் பழக்க தோஷத்தில், "என்ன ஆதாரம்மா?" என்று கேட்டார்.

"என் குடைதானே."

அந்த அறையில் அப்போது குளிர்சாதன இயந்திரத்தின் சத்தம் மட்டும்தான் கேட்டது என்று எழுத ஆசை. ஆனால் நாங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அங்கே அந்த வசதி இல்லை.

அக்கா நின்றபடியே சொன்னாள். கல்யாணத்துக்கு முன் அவள் ஒரு பதக்கப் பட்டறையில் தட்டச்சு வேலை பார்த்தாள். ஒரு மழை நாளில் பட்டறை முற்றத்தைக் கடக்கும்போது காற்றில் குடை புரண்டுவிட்டது. ஜன்னலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அச்சு வெட்டுகிறவர் அதைப் பார்த்துப் படம் வரைந்து வைத்துக்கொண்டார். அந்த மாதம் ஒரு குடைக் கம்பெனி தன் பொன்விழாவுக்கு வில்லை அடிக்கச் சொல்லியிருந்தது. அவர் இந்தப் படத்தையே வெட்டி, மாதிரிக்குச் சில வில்லைகள் அடித்து அனுப்பினார்.

"அந்த முதலாளி நேரா வந்துட்டாரு" என்றாள் அக்கா. "'எங்க குடை காத்துக்குத் தாங்காதுன்னு வெள்ளியில அடிச்சு எனக்கே விக்கறீங்களா'ன்னு ஒரே சத்தம். ஆர்டர் போச்சு. அச்சையும் உடைச்சுப் போட்டுட்டாங்க."

பல் டாக்டர் காப்பியைக் கீழே வைத்தார். இவ்வளவு நாளாக ஆராய்ந்து தெரியாத வரலாறு காப்பி ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது.

அக்காவின் மகள், அதாவது என் மருமகள், சோபாவின் மூலையிலிருந்து எழுந்து வந்தாள். சட்டம் படிக்கிறவள், அமைதியாகத்தான் பேசுவாள். "அப்பா, அம்மாவை ஒரு தடவை பாருங்க" என்றாள்.

"பார்த்துட்டுதானேம்மா இருக்கேன்" என்றார் அத்தான். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வில்லையின் படத்தை.

அத்தானின் நிலைமையை நாம் அனுதாபத்தோடு யோசிக்க வேண்டும். குடைக்காரி ஒரு கருத்து என்று உலகுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்தக் கருத்து இப்போது கையில் காப்பித் தட்டோடு எதிரே நிற்கிறது. சாதாரண மனிதன் என்றால் தடுமாறியிருப்பான். அத்தான் இழப்பீட்டு அதிகாரி. "உரிமை கோரல் வந்திருக்கு. முறைப்படி விசாரிச்சிடுவோம்" என்றார்.

"எதுக்கு விசாரணை? உங்க பொண்டாட்டிதானே சொல்றேன்" என்றாள் அக்கா.

"அதனாலதான். சொந்தக்காரங்கன்னு சலுகை காட்டினேன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாரு."

இந்த அப்பழுக்கற்ற நேர்மையைப் பாராட்டிப் பேரவை கைதட்டியது. அதாவது, நான் தட்டினேன். செயலாளரின் கடமை.

விசாரணை வில்லைகளின் அறையில் நடந்தது. அக்காவுக்கு 'மனுதாரர்' என்று பெயர். குளிரூட்டிய அந்த அறைக்குள் அவள் முதல் முறையாக உட்கார வைக்கப்பட்டாள். கையுறை கொடுத்தோம். தலைமுடியை மூட ஒரு குல்லாய் கொடுத்தோம். மூச்சின் ஈரம் பரவாமலிருக்க வாயையும் மூக்கையும் மூடும் முகக்கவசம் கொடுத்தோம். கண்களை மட்டும் காட்டிக்கொண்டு அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"எவ்வளவு சில்லுனு இருக்கு" என்றாள். "இங்க இவ்வளவு சில்லுனு இருக்குமா?"

"மனுதாரர் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லணும்" என்றார் அத்தான். "முகம் ஒத்துப்போகுதான்னு டாக்டர் பார்க்கலாம்."

"முகம் மூடியிருக்கே" என்றார் பல் டாக்டர்.

"கவசத்தை எடுத்தா ஈரப்பதம் ஏறும்."

"எடுக்கலைன்னா பல்லு தெரியாதுங்க."

நெடிய ஆலோசனைக்குப் பின், மனுதாரர் மூச்சை உள்ளே இழுத்து நிறுத்திக்கொண்டு கவசத்தை இறக்குவது, மூச்சு முட்டும்போது ஏற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. அக்கா அப்படியே செய்தாள். பல் டாக்டர் தன் குட்டிக் கண்ணாடியால் பார்த்தார். முன்வரிசையில் ஒரு பல் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்திருந்தது.

"அச்சு அசல்" என்றார். தொழில் புத்தி விடுமா, உடனே சொன்னார்: "கம்பி போட்டா நேராயிடும்மா. நம்ம கிளினிக்குக்கே வாங்க."

மில்லிமீட்டர் அளவுகோலோடு நெருங்கினார். காது மடலிலிருந்து தாடை, புருவத்திலிருந்து மூக்கு நுனி என்று அளந்து, வில்லையின் அளவுகளோடு வகுத்துப் பார்த்தார். மறுபடி வகுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "தலைவரே, புள்ளி பிசகாம ஒத்துவருது" என்றார். "என் சர்வீஸ்ல நான் அளந்த நிலம்கூட இப்படி ஒத்து வந்ததில்ல."

அத்தான் தலையசைத்தார். "ஜாடை ஆயிரம் பேருக்கு இருக்கும். பொருள் ஆதாரம் ஏதாவது உண்டா?"

அக்கா சட்டென்று எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது கையில் பழைய பொத்தான் டப்பா ஒன்று இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டாள். பொத்தான்களைக் கிளறி, கன்னங்கரேலென்று ஒரு தகட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். அதே பெண். அதே குடை. அதே மழை.

"வேலையை விட்டு வரும்போது அச்சு வெட்டறவர் குடுத்தாரு. கல்யாணப் பரிசுன்னு."

அத்தான் பூதக்கண்ணாடியை எடுத்தார். உலகில் ஒன்றே ஒன்று என்று அவர் எழுதிய வில்லைக்கு இரண்டாவது பிரதி, அதுவும் இத்தனை காலமாக அவர் வீட்டுக்குள்ளேயே. "இதை எங்கே வெச்சிருந்தே?"

"பொத்தான் டப்பாவுலதான்."

"பொத்தான்கூடவா?" என்றார் அவர். "உராய்ஞ்சிருக்கும். பிளாஸ்டிக் பொத்தான் வேற." அவர் கண்ணில் நீர் தளும்பியது. அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அக்காவும் அதுதான் முதல் தடவை என்று பிறகு சொன்னாள். அவளுக்குக் குறைப்பிரசவம் ஆனபோதுகூட அவர் நிதானம் தவறாமல் மருத்துவச் சான்றிதழைத்தான் சரிபார்த்தாராம்.

பல் டாக்டர் இன்னும் ஒரு சோதனை பாக்கி என்றார். "படத்துல சிரிக்கிற மாதிரி இருக்குல்ல. நீங்களும் கொஞ்சம் சிரிச்சீங்கன்னா, சுலபமா முடிஞ்சிரும்."

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "எதைப் பார்த்து?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. கூட்டக் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

விசாரணை முடிந்தது. இரண்டாவது வில்லை அசல் என்று பேரவை ஒருமனதாக ஏற்றது. ஆனால் மனுதாரர்தான் அந்தப் பெண் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை, ஆகவே வில்லை அவருடையது என்பதும் நிரூபணமாகவில்லை, ஆகவே உரியவர் வந்து கேட்கும்வரை அதைப் பேரவையே பாதுகாக்கும் என்றார் அத்தான்.

"உரியவதான் கேக்கறேன், குடுங்க" என்றாள் அக்கா.

"தீர்ப்பு வரட்டும். விழாவுல படிக்கறேன்." அவர் கறுத்த வில்லையைப் பஞ்சில் பொதிந்து, உறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் துணைக்கு வைத்து, அலமாரிக்குள் படுக்க வைத்தார். ஒரு குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல இருந்தது. பிறகு எங்களைப் பார்த்து, "சீக்கிரம் வெளிய வாங்க. குளிர் போயிடும்" என்றார்.

அக்கா வாசல்படியில் என்னை நிறுத்தினாள். "தம்பி, உன் வீட்டுல மாடி அறை காலியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.

"இருக்குக்கா. ஃபேன் மட்டும்தான் இருக்கு."

"எனக்குன்னு ஓடுமில்ல" என்றாள்.

அடுத்த வாரமே அக்காவும் மகளும் என் வீட்டு மாடிக்கு வந்துவிட்டார்கள். தெருமுனை வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அக்கா போய் விசைப்பலகையின் முன் உட்கார்ந்தாள். முதல் நாள் விரல்கள் தடுமாறியதாம். மூன்றாம் நாள் அந்த வக்கீல் தன் பேச்சின் வேகத்தைக் கூட்டிக்கொண்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை வந்தது. என் மருமகள் வேண்டுமென்றே ரப்பர் செருப்போடு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

செயலாளர் என்ற முறையில் தலைவரைப் போய்ப் பார்த்தேன். வீடு அமைதியாக இருந்தது. அவர் ஈரமானியின் முன் நின்றுகொண்டிருந்தார்.

"வாடா. இதைப் பாரு" என்றார் பரவசமாக. "வீட்டுல ரெண்டு பேர் மூச்சு விடறது குறைஞ்சதுல ஈரப்பதம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு பாரு. இது முன்னாடியே தோணாமப் போச்சே."

துயரத்திலும் அறிவியல் நோக்கை இழக்காத அந்த மனத்திட்பத்தை என்னவென்பது? துயரம் எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் தேடினேன். வேறு எங்காவது பத்திரமாகப் பூட்டி வைத்திருப்பார்.

விருது விழா நாள் வந்தது. பெரிய மண்டபம், மேடையில் மலர்க்கொத்துகள், கண்ணாடிப் பேழையில் இரண்டு குடைக்காரிகள், பக்கத்தில் ஒரு காவலாளி. வரிசை வரிசையாக வில்லை அன்பர்கள். கடைசி வரிசையில் அக்காவும் மகளும் வந்து உட்கார்ந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். நான்தான் அழைத்திருந்தேன். தீர்ப்பு மனுதாரரின் முன்னிலையில் படிக்கப்பட வேண்டும் என்று எங்கள் சட்டத்தில் இருக்கிறது. இல்லாவிட்டாலும் இருக்க வேண்டும்.

பொன்னாடையும் பட்டயமும் பெற்றுக்கொண்டு அத்தான் ஒலிபெருக்கியின் முன் வந்தார். படிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வில்லையின் வரலாறு, அச்சின் நுட்பம், குடை என்னும் அரசு, காற்று என்னும் விலைவாசி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"இறுதியாக ஒரு விஷயம்" என்றார். "இந்தச் சித்திரத்தில் இருப்பது தான்தான் என்று ஒரு மனுதாரர் உரிமை கோரினார். பல் ஒத்துப்போனது. முக அளவுகள் ஒத்துப்போயின. அவரிடம் ஒரு வில்லையும் இருந்தது. ஆனாலும் பேரவை அந்தக் கோரிக்கையை நிராகரிக்கிறது. காரணம், மறுக்க முடியாத ஒரு சாட்சியம். அதைச் சொல்லும் தகுதி இந்த உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் உண்டு."

மண்டபம் காது கொடுத்தது.

"மனுதாரர் என் மனைவி. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரே வீட்டில் என்னோடு வாழ்ந்தவர். படத்தில் இருக்கும் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள். என் மனைவி அப்படிச் சிரித்து, இத்தனை வருடங்களில் ஒரு நாள்கூட, ஒரே ஒரு நாள்கூட, நான் பார்த்ததில்லை. ஆகவே இவர் அவர் அல்ல."

மண்டபம் அதிரக் கைதட்டல். முன்வரிசையில் பலர் எழுந்து நின்றே தட்டினார்கள். வழக்காடு மன்றங்களில் இதற்கு வேறு பெயர் சொல்வார்கள், ஒப்புதல் வாக்குமூலம் என்று. குற்றம் சாட்டப்படுமுன்பே, யாரும் வற்புறுத்தாமல், பொன்னாடை போர்த்திக்கொண்டு, ஒலிபெருக்கியில் கொடுத்த வாக்குமூலம் ஒன்று மனித வரலாற்றில் இதற்கு முன் இருந்திருக்காது.

கைதட்டல் ஓயும்போதுதான் அது கேட்டது. கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு. அடக்கப் பார்த்து, முடியாமல் பீறிட்டு, தோள்கள் குலுங்க, பக்கத்திலிருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வாய்விட்டுச் சிரித்த சிரிப்பு. தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின. பல் டாக்டர் எழுந்துவிட்டார். மில்லிமீட்டர் தன்னையறியாமல் பையிலிருந்த அளவுகோலைத் தொட்டார்.

அத்தான் படிக்கும் கண்ணாடிக்கு மேலாகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்தத் திசையில் வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்.

"யார்டா அது, அங்க சிரிக்கிறது?"

"சாட்சி, அத்தான்" என்றேன்.